மாடியில் ஓட்டல், கீழே நம் கடை: எதிர்ப்பதா, ஏற்பதா?



மதுரையில் மொட்டை மாடி ஓட்டல் என்பது புதிய சங்கதி அல்ல. மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றியுள்ள பகுதியில், குறிப்பாக மேலப் பெருமாள் மேஸ்திரி வீதி லாட்ஜுகளில், மாடியில் உட்கார்ந்து கோபுரத்தைப் பார்த்தபடி சாப்பிட ஏற்பாடு செய்து பல ஆண்டுகள் ஆகின்றன. அங்கு ஏறி வருகிறவர்களில் பெரும்பாலோர் வெளியூர்க்காரர்கள், வெளிநாட்டுக்காரர்கள். ஒரு வேளை சாப்பிடுவார்கள், படம் எடுப்பார்கள், ரயிலேறிப் போய்விடுவார்கள். அந்த ஓட்டல்களுக்கும் நம்மைப் போன்ற தெருக்கடைக்காரர்களுக்கும் பெரிய தொடர்பு இருந்ததில்லை.

இப்போது நாம் பேச வேண்டியது வேறு வகை ஓட்டலைப் பற்றி. அங்கிருந்து கோபுரம் தெரியாது. சுற்றுலா பஸ்ஸும் அந்தப் பக்கம் வராது. நரிமேடு, பீ.பீ.குளம், செல்லூர், வில்லாபுரம், அண்ணா நகர் போன்ற குடும்பங்கள் வசிக்கும் பகுதிகளில், கீழே மளிகைக் கடையும் அரிசிக் கடையும் இருக்கும் கட்டடத்தின் மொட்டை மாடியில் நாற்பது நாற்காலி போட்டு, நாலு வரிசை சீரியல் பல்பு கட்டி, மாலை ஆறு மணிக்கு அடுப்பைப் பற்ற வைக்கிற ஓட்டல். பக்கத்துத் தெருக் குடும்பங்கள்தாம் அதற்கு வாடிக்கை. 2020-ல் கொரோனா வந்த பிறகு காற்றாட உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்ற எண்ணம் மக்களிடம் கூடியது. கீழ்த்தளத்துக்கு வாடகை கொடுக்க முடியாத புது ஓட்டல்காரருக்கு மாடி வாடகை கட்டுப்படியாகிறது. கட்டட உரிமையாளருக்கோ, சும்மா கிடந்த இடம் காசு தருகிறது. ஆகவே இந்த வகை ஓட்டல்கள் பெருகுமே தவிர, குறையப் போவதில்லை.

இதைப் பற்றி நம் உறுப்பினர்களிடையே இரண்டு கருத்து நிலவுகிறது. மாநகராட்சிக்கு மனுக் கொடுத்துத் தடுக்க வேண்டும் என்பது ஒன்று. நமக்கென்ன, கட்டட உரிமையாளர் பாடு, ஓட்டல்காரர் பாடு என்று இருந்துவிடலாம் என்பது மற்றொன்று. இரண்டுமே நமக்கு நல்லதல்ல என்பது என் கருத்து. எதிர்த்தால் நல்ல வாடிக்கையை இழப்போம். கண்டுகொள்ளாமல் இருந்தாலோ, ஒரு நாள் கடையையே இழக்க நேரலாம்.

எதிர்ப்பவர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது

மாலை ஆறு மணிக்கு மேல்தான் நமக்கு வியாபாரம் சூடு பிடிக்கும். அதே நேரத்தில் மாடி ஓட்டலுக்கு வருகிறவர்கள் வண்டியை நம் கடை வாசலில் நிறுத்திவிட்டு ஏறிப் போய்விடுகிறார்கள். அரைக் கிலோ பருப்பு வாங்க வந்த அம்மா, உள்ளே நுழைய வழியில்லாமல் அடுத்த கடைக்குப் போகிறார். இது ஒன்று.

மாடியில் பாத்திரம் கழுவும் தண்ணீர் மழைநீர்க் குழாய் வழியாக இறங்குகிறது. எண்ணெய்ப் பிசுக்கும் சோற்றுப் பருக்கையும் சேர்ந்து குழாய் அடைத்துக்கொள்கிறது. ஐப்பசி மழை பிடித்தால் தளத்தில் தண்ணீர் தேங்கி, விரிசல் வழியாகக் கீழே உள்ள கிட்டங்கியில் சொட்டுகிறது. சீனி மூட்டை மேல் பத்துச் சொட்டு விழுந்தால் என்ன ஆகும் என்று மளிகைக்காரருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இது இரண்டு.

மூன்றாவது கடன். எங்கள் பகுதியில் நல்ல கூட்டத்தோடு நடந்துகொண்டிருந்த ஒரு மாடி ஓட்டல் புரட்டாசி மாதத்தில் திடீரென்று மூடப்பட்டது. மேசை நாற்காலியை இரவோடு இரவாக இறக்கிவிட்டார்கள். அரிசி, எண்ணெய், முட்டை கொடுத்த கடைக்காரர்கள் இன்றுவரை பாக்கிச் சிட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார்கள்.

நான்காவது தீ. இதுதான் எல்லாவற்றிலும் பெரியது. இதைக் கடைசியில் விரிவாகப் பார்ப்போம்.

இத்தனை தொல்லை இருந்தும் ஏன் ஏற்க வேண்டும்?

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பாருங்கள். நாற்பது நாற்காலி உள்ள ஓட்டலில் வார நாட்களில் தினம் 40 பேர், சனி ஞாயிறுகளில் தினம் 100 பேர் சாப்பிடுவதாக வைத்துக்கொள்வோம். மாதத்தில் 22 வார நாட்கள், 8 சனி ஞாயிறுகள் என்றால் மொத்தம் 1,680 பேர். ஆளுக்கு 150 ரூபாய் என்றால் மாத விற்பனை 2,52,000 ரூபாய். இதில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 84,000 ரூபாய், சமையல் சாமானுக்குப் போகும் என்று கொள்வோம். அதில் பாதி கறி, காய்கறி, பாலுக்குப் போக, மீதி 42,000 ரூபாய் அரிசி, மைதா, எண்ணெய், மசாலா, முட்டை, சீனி, தேயிலை என்று நம் கடைச் சரக்குக்கு வரும். மாதம் 4,000 ரூபாய்க்குச் சாமான் வாங்குகிற குடும்பம் பத்துக்குச் சமமான வாடிக்கை ஒரு படிக்கட்டின் மேல் இருக்கிறது. கூட்டியோ குறைத்தோ போட்டுக்கொள்ளுங்கள்; கணக்கின் போக்கு மாறாது.

இந்த வாடிக்கை நம்மிடம்தான் வரும் என்பதற்கும் காரணம் இருக்கிறது. பெரிய ஓட்டல்கள் ஒப்பந்தம் போட்டு மொத்தமாக இறக்குகின்றன, சரக்கறை வைத்திருக்கின்றன. மாடி ஓட்டலுக்குச் சரக்கறை கிடையாது. ஒரு மூலையில் தகரக் கொட்டகை, அதில் இரண்டு நாள் சரக்கு, அவ்வளவுதான். இரவு எட்டு மணிக்கு மைதா தீர்ந்தால் பரோட்டா மாஸ்டர் கைபேசியில் ஆர்டர் போட்டுக் காத்திருக்க முடியாது. பையனைக் கீழே அனுப்புவார். நம் கடை திறந்திருக்க வேண்டும், சரக்கு இருக்க வேண்டும். பத்தே நிமிடத்தில் வீட்டு வாசலில் சாமான் தருகிற பெரும் நிறுவனங்களோடு போட்டி போட வழி தெரியாமல் நிற்கும் இந்தக் காலத்தில், நமக்குச் சாதகமாக மிஞ்சியிருப்பது இந்தப் பக்கத்துப் படிக்கட்டுத் தூரம்தான்.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. சுற்றுலாப் பயணிகளை நம்பும் ஓட்டலுக்குச் சீசன் உண்டு. தெரு ஓட்டலுக்குச் சம்பளத் தேதிதான் சீசன். ஒன்றாம் தேதி முதல் பத்தாம் தேதி வரை மாடியில் கூட்டம். இருபதுக்கு மேல் காற்று வாங்கும். நம் கல்லாவும் அப்படித்தானே? ஆகவே அந்த ஓட்டலின் நாடி நமக்குத் தெரியும். நேற்று வந்து இன்று போகிறவரை ஏமாற்றிப் பிழைக்கும் ஓட்டல் அல்ல அது. சாப்பாடு கெட்டுப்போனால் மறுநாள் தெரு முழுக்கப் பேச்சு. அதனால் ஓட்டல்காரருக்கும் தரமான சரக்கு வேண்டும். மிளகாய்த் தூளிலும் கடலை எண்ணெயிலும் தரம் காத்து வருகிற கடைக்காரரை அவர் எளிதில் விடமாட்டார்.

மாடியில் சாப்பிட்டு இறங்குகிற குடும்பம் காலைக்குப் பால் பாக்கெட், பிள்ளைக்குப் பிஸ்கட், நாளைக்கு உளுந்து என்று நம் கடையில் ஒரு நிமிடம் நிற்கும். தடை வேண்டும் என்கிறவர்கள் இந்த வியாபாரத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

கொடுக்கல் வாங்கலில் கறார் வேண்டும்

சரக்குக் கொடுப்பது எளிது, வசூல்தான் கடினம். இதில் நம்மில் பலருக்குத் தெரியாத ஒரு செய்தி உண்டு. 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் வளர்ச்சிச் சட்டத்தின்படி, சிறு நிறுவனங்களிடம் சரக்கு வாங்கியவர் எழுத்து மூலம் பேசியிருந்தாலும் அதிகபட்சம் 45 நாளுக்குள் பணம் கொடுக்க வேண்டும். சில்லறை, மொத்த வியாபாரிகளையும் இந்தப் பட்டியலில் சேர்த்து 2021 ஜூலை 2-ல் மத்திய அரசு அறிவித்தது. உடனே, 45 நாள் சட்டம் நமக்கும் வந்துவிட்டது என்று பலர் மகிழ்ந்தார்கள். ஆனால் அந்த அறிவிப்பு வங்கிகளில் முன்னுரிமைக் கடன் பெறுவதற்கு மட்டுமே. தாமதப் பணத்துக்கு வட்டி கேட்கும் உரிமை வியாபாரிக்கு அதில் தரப்படவில்லை. ஆகவே சட்டம் வசூலித்துக் கொடுக்கும் என்று காத்திருக்க முடியாது. நம் சிட்டைதான் நமக்குப் பாதுகாப்பு.

மூன்று விதிகளைச் சொல்கிறேன். முதலாவது, வாரக் கணக்கு. மேலே சொன்ன கணக்குப்படி வாரச் சரக்கு ஏறத்தாழ 10,000 ரூபாய். ஞாயிறு வியாபாரம் முடிந்து திங்கள் காலை பழைய பாக்கி தீர்ந்தால்தான் புதுச் சரக்கு. ஒரு வாரச் சரக்குக்கு மேல் ஒருபோதும் கடன் நிற்கக் கூடாது.

இரண்டாவது, பஞ்சாங்கம் பார்த்துக் கடன் கொடுங்கள். அசைவ ஓட்டலுக்குப் புரட்டாசியில் கூட்டம் குறையும். கார்த்திகையில் ஐயப்பனுக்கு மாலை போடுகிறவர்கள் வரமாட்டார்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் திறந்த மாடியில் வாரத்தில் பாதி நாள் நாற்காலி கவிழ்த்துத்தான் இருக்கும். இந்த மூன்று மாதமும் கடன் அளவைப் பாதியாகக் குறைத்துவிட வேண்டும். இது இரக்கமின்மை அல்ல. ஓட்டல்காரரையும் கடனில் மூழ்காமல் காப்பாற்றுவது இதுதான்.

மூன்றாவது, பில் போடாமல் சரக்கு இறங்கக் கூடாது. சாதாரண ஓட்டல்களுக்கு 2017 நவம்பர் 15 முதல் ஜி.எஸ்.டி. 5 சதவீதம்தான், ஆனால் வாங்கிய சரக்குக்குக் கட்டிய வரியை அவர்கள் கழித்துக்கொள்ள முடியாது. அதனால் "அண்ணாச்சி, எனக்குப் பில் வேண்டாம், விலையைக் குறைச்சுப் போடுங்க" என்பார்கள். ஒத்துக்கொள்ளாதீர்கள். வரி அதிகாரி வருவது ஒரு பக்கம் இருக்கட்டும். பணம் வராமல் போனால் என்ன வைத்துக் கேட்பீர்கள்? பாக்கி வழக்குக்குப் பொதுவாக மூன்று ஆண்டுதான் காலக்கெடு. அந்தக் கெடு முடியும் முன் "இவ்வளவு பாக்கி உண்டு" என்று கடன்காரர் எழுதிக் கையெழுத்துப் போட்டால், அந்தத் தேதியிலிருந்து காலக்கெடு புதிதாகத் தொடங்கும். பில்லும், மாதம் ஒரு முறை கையெழுத்தான கணக்குச் சிட்டையும் இருந்தால் எந்த இடத்திலும் நிமிர்ந்து நிற்கலாம்.

பொட்டலச் சாமானிலும் ஒரு எச்சரிக்கை. ஒரு முறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை உண்டு. பிளாஸ்டிக் பூசிய கப், தட்டு, சாப்பாட்டு மேசையில் விரிக்கும் பிளாஸ்டிக் தாள் எல்லாம் அதில் அடங்கும். ஓட்டல்காரர் கேட்கிறார் என்று இவற்றை வாங்கி வைத்து அபராதம் கட்ட வேண்டாம். வாழை இலையும் பாக்குமட்டைத் தட்டும் விற்கலாம்; லாபமும் உண்டு.

தீக்கு மேல் மாடி கீழ் மாடி கிடையாது

இனி முக்கியமான விஷயத்துக்கு வருவோம். 2017 டிசம்பர் 29 நள்ளிரவு கடந்த நேரத்தில் மும்பை கமலா மில்ஸ் வளாகத்தில் ஒரு கட்டடத்தின் மாடி உணவகத்தில் தீப்பிடித்து 14 பேர் இறந்தார்கள். வெளியேற வழி தெரியாமல் கழிப்பறைப் பக்கம் ஓடியவர்கள் பலர் புகையில் மூச்சுத் திணறி இறந்தார்கள். 2025 ஏப்ரல் 29 இரவு கொல்கத்தாவில், நம்மைப் போன்ற மொத்த வியாபாரிகள் நிறைந்த படா பஜார் பகுதியில், ஒரு தங்கும் விடுதியில் தீப்பிடித்தது. அங்கும் 14 பேர் இறந்தார்கள். அது மாடி உணவகத் தீ அல்ல. ஆனால் அதற்குப் பிறகு கொல்கத்தா மாநகராட்சி மாடி உணவகங்களை மூட உத்தரவிட்டது. தீப்பிடித்தால் மக்கள் உயிர் தப்ப ஏறி நிற்கும் இடம் மாடி. அதை அடைத்துவிடக் கூடாது என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம்.

நம் தமிழ்நாட்டுக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. 2004 ஜூலை 16-ல் கும்பகோணத்தில் பள்ளிச் சமையல் கூடத்தில் கிளம்பிய தீ கீற்றுக் கூரையில் பற்றி 94 குழந்தைகளைக் கொண்டுபோனது. அதற்குப் பிறகு பள்ளிகளில் கீற்றுக் கூரை போயிற்று. ஆனால் மாடி ஓட்டல்களில் அழகுக்காகவும் குளிர்ச்சிக்காகவும் மறுபடியும் கீற்று ஏறுகிறது. கீற்று இல்லாத இடத்தில் பச்சை வலை, பிளாஸ்டிக் புல், துணிப் பந்தல். அதன் அடியில் தோசைக் கல்லும் தந்தூரி அடுப்பும். மாடியில் காற்று அதிகம். தீப்பொறி எங்கே போய் விழும் என்று சொல்ல முடியாது.

நம் கடைக்காரர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டியது இது: சமையல் வாயு காற்றைவிடக் கனமானது. மேலே கசிந்தால் மேலே போகாது. படிக்கட்டு வழியாகக் கீழே இறங்கித் தாழ்ந்த இடத்தில் தேங்கும். அந்தத் தாழ்ந்த இடம் நம் கடை. அங்கே எண்ணெய் டின், சாக்கு, அட்டைப் பெட்டி, சாமி படத்துக்கு முன் விளக்கு எல்லாம் இருக்கின்றன. ஆகவே மேலே இருக்கும் சிலிண்டர் எப்படி வைக்கப்பட்டிருக்கிறது என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு. வீட்டு உபயோகத்துக்கான 14.2 கிலோ சிலிண்டரை ஓட்டலில் வைக்கக் கூடாது. வணிக உபயோகத்துக்கான 19 கிலோ சிலிண்டர்தான் வைக்க வேண்டும். அதையும் நிமிர்த்தி, காற்றோட்டமாக, படிக்கட்டை விட்டு விலக்கி வைக்க வேண்டும்.

கட்டடம் தாங்குமா என்பதும் ஒரு கேள்வி. 1,000 லிட்டர் தண்ணீர்த் தொட்டி நிறைந்தால் தண்ணீர் மட்டுமே ஒரு டன். அதாவது 50 கிலோ சீனி மூட்டை இருபதை ஒரே இடத்தில் அடுக்கியது போல. அதனுடன் அடுப்பு மேடை, மேசை, நாற்பது ஆள். பழைய கட்டடமாக இருந்தால் பொறியாளர் பார்த்து எழுதிக் கொடுக்காமல் சம்மதிக்கக் கூடாது.

நம் பக்கமும் ஒரு கடமை உண்டு. படிக்கட்டுக்கு அடியிலும் படிகளின் ஓரத்திலும் மூட்டை, காலி டின், அட்டைப் பெட்டி அடுக்குவது நம் கடைகளில் வழக்கமாக இருக்கிறது. மேலே நாற்பது பேர் சாப்பிடுகிற கட்டடத்தில் அது உயிர் வழி. ஓட்டல்காரரிடம் சிலிண்டரைப் பற்றிக் கேட்க வேண்டுமானால் முதலில் நம் மூட்டை படிக்கட்டை விட்டு அகல வேண்டும்.

இன்சூரன்ஸ் எடுத்திருக்கிறோமே என்று சிலர் நினைக்கலாம். சிறு வியாபாரிகளுக்காக, காப்பீடு செய்யத்தக்க மதிப்பு 5 கோடி ரூபாய் வரை உள்ள இடங்களுக்கு, 2021 ஏப்ரல் 1 முதல் பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா என்ற தீக் காப்பீட்டுப் பாலிசி நடைமுறையில் இருக்கிறது. நல்ல பாலிசி. ஆனால் எந்தத் தீக் காப்பீடானாலும், இடத்தின் பயன்பாடு மாறி ஆபத்து கூடினால் கம்பெனிக்குத் தெரிவிக்க வேண்டும். பாலிசி எடுத்தபோது மாடி காலி. இப்போது மாடியில் அடுப்பு எரிகிறது. இதை எழுதித் தெரிவிக்காமல் இருந்தால், நஷ்டம் வந்த நாளில் கம்பெனிக்காரர் அதையே காரணமாகக் காட்டலாம். ஒரு கடிதம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்தும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கூடுதல் பிரீமியம் கேட்டால், அந்தத் தொகையை மாடி வாடகையில் பங்கு பெறுகிறவர் ஏற்பதுதான் நியாயம்.

சங்கம் செய்ய வேண்டியது

மாடியை வாடகைக்கு விடுகிறவர் கட்டட உரிமையாளர். நாமோ பெரும்பாலும் கீழே வாடகைக்கு இருப்பவர்கள். நம்மைக் கேட்காமலே ஒப்பந்தம் முடிந்துவிடுகிறது. தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் உள்ள வாடகைச் சட்டப்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், பதிவும் செய்ய வேண்டும். நம் கடை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போதே, மாடியில் சமையல் தொழில் நடத்த விட்டால் என்னென்ன நிபந்தனை என்பதை அதில் எழுதிக்கொள்ளலாம். தனி ஒரு கடைக்காரர் கேட்டால் உரிமையாளர் முகம் சுளிப்பார். சங்கம் அச்சடித்த மாதிரி ஒப்பந்தம் ஒன்று கையில் இருந்தால் தயக்கமின்றிக் கேட்கலாம்.

அந்த மாதிரி ஒப்பந்தத்தில் ஐந்து நிபந்தனைகள் போதும். மாடியில் கீற்றும் துணிப் பந்தலும் கூடாது. படிக்கட்டில் எவர் பொருளும் இருக்கக் கூடாது. முடிந்தால் இரண்டாவது படிக்கட்டு வேண்டும். கழிவுநீருக்குத் தனிக் குழாய் வேண்டும். மழைநீர்க் குழாயைத் தொடக் கூடாது. வண்டி நிறுத்த இடமும், மாலையில் அதைக் கவனிக்க ஓர் ஆளும் ஓட்டல்காரர் பொறுப்பு. உணவுப் பாதுகாப்பு உரிமம், மாநகராட்சி அனுமதி, தீயணைப்புத் துறை சொல்லும் ஏற்பாடு மூன்றும் முடிந்த பிறகே அடுப்பு பற்ற வேண்டும்.

இந்த ஐந்துக்கும் சம்மதிக்கிற ஓட்டல்காரர் நிலைத்து நிற்கப் போகிறவர். அவருக்குச் சரக்குக் கொடுக்கலாம், திங்கள்தோறும் பணமும் வாங்கலாம். சம்மதிக்காதவருக்குப் படிக்கட்டு வழியே ஒரு படி அரிசிகூடக் கடனாக ஏறக் கூடாது. தடை கேட்டு மனு எழுதும் முன், இந்த மாதிரி ஒப்பந்தத்தை அடுத்த செயற்குழுவில் வைத்து நிறைவேற்றும்படி நிர்வாகிகளைக் கேட்டுக்கொள்கிறேன். அதுவரை காத்திராமல், மேலே ஓட்டல் நடக்கும் கட்டடத்தில் கடை வைத்திருக்கும் உறுப்பினர்கள் இன்று கடை மூடும் முன் படிக்கட்டை ஒரு முறை ஏறிப் பார்த்துவிட்டு வாருங்கள்.